லினக்ஸ் ஓடும் பழைய மடிக்கணினியை விற்பது எப்படி: ராமநாதபுரம் கடற்கரையினருக்கு ஒரு வழிகாட்டி

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அதன் அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் செயலியாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிற்பட்டதையோ கேட்கிறது. ஆகவே 2017-க்கு முன் வாங்கிய நல்ல மடிக்கணினிகள் பல, உறுப்புகளில் குறை ஏதும் இல்லாதபோதும், விண்டோஸ் பயனர்களிடையே மதிப்பிழந்து கிடக்கின்றன. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிக்கொண்டவர்களுக்கு இந்தக் கவலை இல்லை என்றாலும், அந்தக் கணினியை விற்க முனையும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. கடைக்குக் கொண்டுசென்றால் உதிரிபாக விலைக்குக் கேட்கிறார்கள்; இல்லையெனில், உரிமமில்லாத விண்டோஸை ஏற்றி விற்றுவிடுமாறு யோசனை சொல்கிறார்கள்.

இரண்டுமே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உரிமமில்லாத விண்டோஸ் ஏற்றிய கணினியை வாங்குபவர், சட்டத்துக்குப் புறம்பான ஒன்றையும், ஒழுங்கான புதுப்பிப்பு கிடைக்காத ஒன்றையும் சேர்த்தே வாங்குகிறார். உதிரிபாக விலைக்குக் கொடுப்பதோ, இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் உழைக்கக்கூடிய ஒரு கருவியைப் பிரித்துப் போடுவதற்குச் சம்மதிப்பதாகும். அந்தக் கணினியால் என்ன வேலை நடக்குமோ அந்த வேலை தேவைப்படும் ஒருவரைத் தேடி, நிறைகுறைகளை முழுமையாகச் சொல்லி, அவர் பெயரில் தொடங்கிப் பயன்படுத்தும் நிலையில் கொடுத்தால்தான் உரிய விலை கிடைக்கும். தொண்டி முதல் மூக்கையூர் வரையுள்ள நம் கடற்கரை ஊர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

விற்கக் கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதற்கட்டக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்னும் இந்திய லினக்ஸும் இருந்தது. அதனால் நம் பகுதியில் பலர் முதன்முதலில் லினக்ஸைப் பார்த்ததே அந்தக் கணினிகளில்தான். ஆனால் அவை மாணவரின் படிப்புக்காக அரசு கொடுத்தவை. விற்பனைக்கு உரியவை அல்ல. வீட்டில் சும்மா கிடந்தால் தம்பி தங்கையின் படிப்புக்குப் பயன்படுத்துங்கள். அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த கணினியையும் எழுத்துமூல அனுமதியின்றி விற்காதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால், அதாவது தொடுபலகை மேலெழும்பியோ அடிமூடி பிளந்தோ தெரிந்தால், அந்தப் பேட்டரியைக் கழற்றி மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைத்த பின்பே மற்றதைப் பேச வேண்டும். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடியது.

கையில் இருப்பது என்ன என்று அறிதல்

"ஐ5 லேப்டாப்" என்று மட்டும் எழுதப்பட்ட விளம்பரங்களை நாள்தோறும் பார்க்கிறோம். அந்தச் சொல்லால் வாங்குபவருக்கு ஒரு பயனும் இல்லை. 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஐ5-க்கும் 2017-இல் வந்த எட்டாம் தலைமுறை ஐ5-க்கும் இடையே விலையிலும் வேகத்திலும் பெரும் இடைவெளி உண்டு. செயலியின் முழு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் மின்ட் என்னும் லினக்ஸ் வகையைப் பயன்படுத்துவோர் பட்டியில் உள்ள சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் (புதிய பதிப்புகளில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன்) என்னும் பயன்பாட்டைத் திறந்தால் செயலி, ரேம், வட்டு, வைஃபை அட்டை, வரைகலைச் சில்லு ஆகிய அனைத்தும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். ரேம் டிடிஆர்3 வகையா டிடிஆர்4 வகையா, இன்னொரு ரேம் போட இடம் காலியாக இருக்கிறதா என்பதையும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். 32 பிட் மட்டும் ஓடும் மிகப் பழைய செயலியாக இருந்தால் நிலைமை வேறு. லினக்ஸ் மின்ட்டின் முதன்மைப் பதிப்பு அவற்றைக் கைவிட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. 2025 ஆகஸ்டில் வெளியான, டெபியன் என்னும் மற்றொரு லினக்ஸ் வகையின் 13-ஆம் பதிப்பும் அவற்றுக்கான நிறுவல் வட்டைத் தரவில்லை. அத்தகைய கணினியைப் பணம் வாங்கி விற்பதைவிட, கற்றுக்கொள்ள விரும்பும் ஒரு மாணவருக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்து வட்டு. டிஸ்க்ஸ் என்னும் பயன்பாட்டில் உங்கள் வட்டைத் தேர்ந்தெடுத்து, ஸ்மார்ட் தரவு என்னும் பகுதியைத் திறவுங்கள். ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் அதில் இரண்டு வரிகளை மட்டும் ஊன்றிப் பார்த்தால் போதும். ஒன்று, ரீஅலோகேட்டட் செக்டர் கவுண்ட்: பழுதான பகுதிகளுக்குப் பதிலாக வட்டு தானே வேறு பகுதிகளை மாற்றி அமைத்துக்கொண்ட எண்ணிக்கை. இரண்டு, கரண்ட் பெண்டிங் செக்டர்: படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டும் பூச்சியமாக இருந்தால் மகிழ்ச்சி. இரண்டாவதில் எண் ஏதேனும் இருந்தால் அந்த வட்டோடு கணினியை விற்காதீர்கள். சில மாதங்களில் வாங்கியவரின் கோப்புகள் போய்விடக்கூடும். வட்டு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதும் அதே பட்டியலில் தெரியும். அதையும் வாங்குபவரிடம் காட்டலாம்.

கணினி இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிறதென்றால், சுழலும் பாகம் இல்லாத வேக வட்டான எஸ்எஸ்டி சிறியதாக ஒன்றை மாற்றிப் போட்டு விற்பதா வேண்டாமா என்ற கேள்வி வரும். மாற்றச் செலவிட்ட பணம் முழுவதும் விலையில் திரும்பி வந்துவிடாது. இருந்தாலும் நான் மாற்றச் சொல்வேன். ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் கணினியைத் திறந்து காட்டும்போது, உலாவி திறப்பதற்குள் வாங்க வந்தவரின் முகம் மாறிவிடுகிறது. எஸ்எஸ்டி இருந்தால் பத்தாண்டுப் பழைய கணினியும் சுறுசுறுப்பாக எழுந்து நிற்கிறது. கழற்றிய ஹார்ட் டிஸ்க் உங்களிடமே தங்கிவிடுவதால், அதிலிருந்த குடும்பத் தரவு வெளியே போகும் கவலையும் இல்லை.

பேட்டரியைப் பற்றிப் பொதுவாக "நல்லா நிக்கும்" என்று சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்னும் பயன்பாடு, பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு ஆற்றலைத் தாங்கியது, இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு தாங்குகிறது என்ற இரண்டு எண்களையும் காட்டும். எடுத்துக்காட்டாக, வடிவமைப்பில் 57 வாட்-மணி, இப்போது 31 வாட்-மணி என்றால், பேட்டரியின் உடல்நலம் ஏறத்தாழ 54 விழுக்காடு. இந்த எண்ணோடு, முழுதாக மின்னேற்றி வைஃபையில் காணொளி ஓடவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதையும் பார்த்து, இரண்டையும் விளம்பரத்தில் எழுதுங்கள்.

உப்புக்காற்று செய்யும் வேலை

மதுரையிலோ கோவையிலோ விற்பவருக்கு இந்தப் பகுதி தேவைப்படாது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் வடகடலும் தென்கடலும் இருபுறமும் இருக்க, ஆண்டு முழுவதும் உப்பும் ஈரமும் கலந்த காற்றுதான் வீட்டுக்குள் வருகிறது; கச்சான் காற்றுக் காலத்தில் அதோடு மணலும் சேர்ந்துகொள்கிறது. மிதிவண்டிச் சங்கிலியைத் துருப்பிடிக்க வைக்கும் அதே காற்றுதான் மடிக்கணினிக்குள்ளும் போகிறது. இதனால் முதலில் கெடுபவை யூஎஸ்பி துளைகள், ஹெட்போன் துளை, ரேமின் தொடுமுனைகள், கீல்கள், அடிமூடியின் திருகுகள் ஆகியவை.

ஒவ்வொரு யூஎஸ்பி துளையிலும் பென் டிரைவைச் செருகி, ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துப் பாருங்கள். பாதியில் அறுபட்டால் உள்ளே களிம்பு ஏறியிருக்கிறது என்று பொருள். கணினியை அணைத்து, மின்னேற்றியைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்ட பிறகு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தூரிகையால் துளைகளைத் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். ரேமை வெளியே எடுத்து அதன் பொன்னிறத் தொடுமுனைகளை மென்மையான அழிப்பானால் ஒரே திசையில் தேய்த்துத் துடைப்பது பழுதுபார்ப்போர் எல்லோரும் செய்வதே. திருகுகள் துருவேறித் தலை மழுங்கியிருந்தால் வலிந்து திருக வேண்டாம், கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். கீல் இறுகிப்போயிருந்தால் திரையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் விரிசல் விடும். அதைச் சரிசெய்யாமல் விற்றால், வாங்கியவர் வீட்டில் ஒரு மாதத்திற்குள் திரை தனியாக வந்துவிடும்.

விசிறியையும் வெப்பத்தகட்டையும் மறந்துவிடாதீர்கள். வேலை எதுவும் இல்லாமல் இருக்கும்போதே செயலியின் வெப்பம் 65, 70 பாகையில் நின்றால், தகட்டின் இடுக்குகளில் தூசியும் மணலும் அடைத்திருக்கின்றன அல்லது வெப்பப் பசை காய்ந்துவிட்டது. திறந்து துடைத்துப் புதிய பசை வைப்பதற்கான கூலி அதிகமில்லை. அதே நேரத்தில் தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலத்தையும் மாற்றச் சொல்லுங்கள். அது செத்துவிட்டால் கணினியை அணைக்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி தவறினால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காமல் போகலாம். அற்பமான இந்த மின்கலத்துக்காக "லினக்ஸில் இணையமே வரவில்லை" என்று கணினி திரும்பி வந்துவிடும்.

சுத்தம் செய்த பிறகு விற்கும் நாள்வரை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சில சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் இது மிகவும் அவசியம்.

நீங்கள் போக, உங்கள் தரவும் போக வேண்டும்

கோப்புகளை அழித்துக் குப்பைத்தொட்டியைக் காலி செய்தால் தரவு போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். போகவில்லை. போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டே அழித்த படங்களையும் ஆவணங்களையும் மீட்டெடுத்துவிடலாம். நம் பகுதி வீட்டுக் கணினிகளில் என்னென்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்: வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் அண்ணனின் கடவுச்சீட்டு நகல், விசா, வீட்டுப் பத்திரம், ஆதார், படகின் பதிவு ஆவணம், குடும்பத் திருமணப் படங்கள். இவை வேறொருவர் கைக்குப் போவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

முதல் வேலை, தேவையானவற்றை வெளி வட்டில் நகலெடுத்து, அந்த வட்டை வேறொரு கணினியில் செருகித் திறந்து பார்ப்பது. திறந்து பார்க்காத நகலை நகல் என்று நம்ப வேண்டாம். பிறகு உலாவியின் ஒத்திசைவுக் கணக்கிலிருந்து வெளியேறுங்கள்; கூகுள் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்து அந்தக் கணினியை நீக்குங்கள்; கைப்பேசியில் வாட்ஸ்அப்பின் இணைக்கப்பட்ட சாதனங்கள் பகுதிக்குச் சென்று அதையும் துண்டியுங்கள். பக்கவாட்டுத் துளையில் மெமரி கார்டோ, சில வணிக மாடல்களில் பேட்டரிக்கு அடியில் சிம் கார்டோ மறந்து இருக்கலாம்; பார்த்து எடுத்துவிடுங்கள். கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸில் கடவுச்சொல் வைத்திருந்தால் அதைக் கட்டாயம் நீக்குங்கள். திங்க்பேட் போன்ற வணிகக் கணினிகளில் மேற்பார்வைக் கடவுச்சொல் தெரியாவிட்டால், வாங்கியவரால் எளிதில் அதைத் தாண்ட முடியாது.

ஓடிக்கொண்டிருக்கும் வட்டை அதிலிருந்தே அழிக்க முடியாது என்பதால், லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். டிஸ்க்ஸ் பயன்பாட்டைத் திறந்து, வட்டை முழுதாக வடிவமைக்கும் (ஃபார்மட்) விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் பழைய தரவின் மேல் பூச்சியங்களை எழுதும் தெரிவைக் கொடுங்கள். சில மணி நேரம் எடுக்கும், இரவில் ஓடவிடலாம். ஒருமுறை முழுதாக எழுதினாலே போதும், ஏழுமுறை எழுத வேண்டும் என்பதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு. எஸ்எஸ்டியின் நிலை வேறு. அது தன் எழுத்துப் பகுதிகளைத் தானே இடம்மாற்றிக்கொண்டே இருப்பதால் மேலெழுதுவது முழுமையாகாது. அதற்கு வட்டின் உள்ளேயே அமைந்த பாதுகாப்பான அழிப்பு ஆணையைப் பயன்படுத்த வேண்டும். பழைய மடிக்கணினிகளில் உள்ள சாட்டா வகை வட்டு அதை ஏற்குமானால் டிஸ்க்ஸ் பயன்பாட்டின் அதே பட்டியலில் அந்தத் தெரிவும் தோன்றும். வட்டு உறைநிலையில் இருப்பதாகக் கூறி மறுத்தால், கணினியை ஒருமுறை உறங்கவைத்து எழுப்பினால் பெரும்பாலும் வழிவிடும். முதலில் நிறுவும்போதே முழு வட்டையும் மறையாக்கம் செய்திருந்தீர்களானால் உங்கள் வேலை மிக எளிது: திறவுகோல்கள் இருக்கும் தலைப்பகுதியை அழித்துவிட்டால் மீதியை யாராலும் படிக்க முடியாது.

வாங்குபவர் பெயரில் தொடங்கும்படி நிறுவுதல்

அழித்த வட்டில் புதிதாக லினக்ஸை நிறுவும்போது பலர் தம் பெயரிலோ "யூசர்" என்ற பெயரிலோ ஒரு கணக்கை உருவாக்கி, கடவுச்சொல்லைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. லினக்ஸ் மின்ட் பென் டிரைவின் தொடக்கப் பட்டியலில் உற்பத்தியாளர்களுக்கான ஓஇஎம் நிறுவல் என்னும் வரி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு தற்காலிகக் கணக்கில் அமைப்பு நிறுவப்படும். அந்தக் கணக்கில் நுழைந்து, எல்லாப் புதுப்பிப்புகளையும் ஏற்றி, தேவையான இயக்கிகளையும் (டிரைவர்) மென்பொருள்களையும் நிறுவிய பிறகு, திரையில் உள்ள இறுதிப் பயனருக்கு அனுப்பத் தயாராக்கும் குறியை அழுத்திக் கணினியை அணைத்துவிட வேண்டும். அடுத்து யார் திறந்தாலும், புதிதாகக் கடையில் வாங்கிய கணினியைப்போல, மொழி, நேர மண்டலம், விசைப்பலகை, பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை அதுவே கேட்கும். வாங்குபவர் தன் பெயரைத் தானே தட்டி உள்ளே போகிறார். அவருக்கு அது தன் கணினி என்ற எண்ணம் அந்த நொடியிலேயே வந்துவிடுகிறது.

ரேம் 4 ஜிபி அல்லது அதற்குக் குறைவு என்றால் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையும், 8 ஜிபி இருந்தால் சின்னமன் பதிப்பையும் போடுங்கள். லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு என்பதை வாங்குபவரிடம் சொல்லலாம். விண்டோஸ் 10 கணினி விற்பவரால் அவ்வளவு தொலைவான ஆண்டைச் சொல்ல முடியாது. பிராட்காம் வைஃபை அட்டை இருந்தால் இயக்கி மேலாளரில் அதற்கான இயக்கியை மறக்காமல் ஏற்றுங்கள், ஏனெனில் வாங்கியவர் வீட்டில் கம்பிவழி இணையம் இருக்காது. தமிழ்99 விசைப்பலகையையும் தயாராக வையுங்கள். 1999-இல் தமிழக அரசு ஏற்ற அந்த அமைப்பு, லினக்ஸின் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்நெட் 99 என்ற பெயரில் ஏற்கெனவே இருக்கிறது. தனியாக எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. வாங்க வந்தவர் முன்னால் லிபர்ஆபிஸ் என்னும் அலுவலக மென்பொருளைத் திறந்து தமிழில் இரண்டு வரி தட்டிக் காட்டுவதைவிட நல்ல விளம்பரம் எனக்குத் தெரியவில்லை.

கணினி முதலில் விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையதோடு வந்திருந்தால், அந்த உரிமத்தின் எண் தாய்ப்பலகையின் நிலைபொருளிலேயே (ஃபர்ம்வேர்) பதிந்திருக்கும். நீங்கள் லினக்ஸ் போட்டதால் அது அழிந்துவிடவில்லை. பின்னாளில் கணினியோடு வந்த அதே விண்டோஸ் பதிப்பு தேவைப்பட்டால் முறையாகவே நிறுவிக்கொள்ளலாம் என்பதை வாங்குபவருக்குச் சொல்லுங்கள். விண்டோஸ் 7 காலத்துக் கணினியானால் அடிப்புறத்தில் உரிம ஒட்டுவில்லை இருக்கும், அதை உரித்துவிடாதீர்கள்.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

இந்த வழிகாட்டியில் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டியது இதுதான். கணக்கு வேலைக்கு டேலிதான் வேண்டும் என்பவர், ஆட்டோகேட் படிக்கும் கட்டடப் பொறியியல் மாணவர், போட்டோஷாப்பில் பிளக்ஸ் வடிவமைப்பவர், விரல்ரேகைக் கருவியை இணைத்து வங்கி முகவர் வேலை பார்ப்பவர், கண்காணிப்போடு நடக்கும் இணையவழித் தேர்வு எழுத வேண்டியவர் ஆகியோருக்கு லினக்ஸ் கணினி பொருந்தாது. அவர்கள் கேட்டால், பொருந்தாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் வாங்க வந்தால் அவரிடம் இருக்கும் அச்சுப்பொறியின் மாடலைக் கேளுங்கள். எச்பி அச்சுப்பொறிகள் பெரும்பாலும் தொல்லையில்லாமல் ஓடும். கடைகளில் பரவலாக இருக்கும் கேனான் எல்பிபி 2900 மாடலை லினக்ஸில் ஓட்டுவது பெரும்பாடு.

பொருந்துபவர்கள் இதைவிட அதிகம். ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியிலோ, ராமேஸ்வரம் அப்துல் கலாம் அரசு கலை அறிவியல் கல்லூரியிலோ படித்துக்கொண்டு, கட்டுரை எழுதவும் பாடக் காணொளி பார்க்கவும் கணினி தேடும் மாணவர். கணினி அறிவியலும் நிரலாக்கமும் படிக்கும் பொறியியல் மாணவர், இவருக்கு லினக்ஸ் ஒரு குறையாகத் தெரியாது, தேவையாகவே இருக்கும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர். வீட்டில் டியூஷன் எடுக்கும் ஆசிரியை. கருவாட்டுக் கொள்முதலையும் வரவு செலவையும் நோட்டிலிருந்து கணினிக்கு மாற்ற நினைக்கும் வியாபாரி. பள்ளிவாசல், தேவாலய அலுவலகங்களில் பதிவேடு எழுதுபவர். இவர்களின் வேலை முழுவதும் உலாவியிலும் லிபர்ஆபிசிலும் முடிந்துவிடும்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் விற்பனைக்கு வரும் கணினிகளில் பல, வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தவை. விசைகளில் அரபு எழுத்தும் இருக்கும், மின்னேற்றியின் முனை மூன்று தட்டையான கால்களோடு நம் சுவர்த் துளைக்குப் பொருந்தாமல் இருக்கும். மின்கம்பியை மட்டும் இந்திய முனை உள்ளதாக மாற்றிக் கொடுத்துவிடுங்கள். இணைப்பான் செருகி ஆடிக்கொண்டிருக்கும் மின்னேற்றி விலையைக் குறைத்துவிடும். அரபு எழுத்து இருப்பதைப் படத்தில் தெரியும்படி காட்டிவிடுங்கள்.

விலையும் விளம்பரமும்

ஒரு கடைக்காரரிடம் வாங்கும் விலையைக் கேளுங்கள். அதற்குக் கீழே நீங்கள் எக்காரணத்தாலும் இறங்க வேண்டியதில்லை. அதே மாடலுக்கு ஓஎல்எக்ஸிலும் பேஸ்புக் சந்தையிலும் மற்றவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஆனால் அவை கேட்கும் விலைகளே, விற்ற விலைகள் அல்ல. வாரக்கணக்கில் நீக்கப்படாமல் கிடக்கும் விளம்பரத்தின் விலை அதிகம் என்று கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில், புதிதாகப் போட்ட எஸ்எஸ்டிக்கோ பேட்டரிக்கோ பில் இருந்தால் சற்று மேலே வைத்து, பேரத்துக்குச் சிறிது இடம்விட்டு விலையைச் சொல்லுங்கள்.

காலமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடலோர வீடுகளில் கையில் பணம் புரளாது. ஜூன் பிற்பகுதியில் விசைப்படகுகள் மீண்டும் கடலுக்குப் போகத் தொடங்கும்போதுதான் கல்லூரிச் சேர்க்கையும் நடக்கிறது. அவசரம் இல்லையென்றால் அதுவரை பொறுத்திருந்து விளம்பரம் செய்வது நல்லது.

விளம்பரத்தை இப்படி எழுதலாம்: "டெல் லேட்டிடியூட் ஈ6430. இன்டெல் ஐ5-3320எம், 8 ஜிபி ரேம், 256 ஜிபி புதிய எஸ்எஸ்டி. லினக்ஸ் மின்ட் நிறுவப்பட்டது, 2029 வரை புதுப்பிப்பு கிடைக்கும். பேட்டரி நலம் 54 விழுக்காடு, காணொளி ஓடினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இடப்பக்க யூஎஸ்பி ஒன்று வேலை செய்யாது, மேல்மூடியில் கீறல் உண்டு. படிப்பு, தட்டச்சு, இணையம், நிரலாக்கம் ஆகியவற்றுக்கு ஏற்றது. டேலி, போட்டோஷாப், விளையாட்டுகளுக்கு ஏற்றதல்ல. ராமநாதபுரத்தில் நேரில் பார்த்து வாங்கலாம்." குறைகளைச் சொல்லும் வரிகளை எடுத்துவிடத் தோன்றும், எடுக்காதீர்கள். அவற்றைப் படித்துவிட்டும் வருபவர்தான் உண்மையாக வாங்கப்போகிறவர். படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள்: திரை எரியும் நிலையில் ஒன்று, விசைப்பலகை, இருபுறத் துளைகள், அடிப்புறம், கீறல். அடிப்புறப் படத்தில் வரிசை எண்ணை மறைத்துவிடுங்கள்.

கல்லூரி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் நம் மாவட்டத்தில் இணையச் சந்தைகளைவிட விரைவாக ஆளைக் கொண்டுவருகின்றன. உள்ளூரில் ஆள் கிடைக்காவிட்டால், சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுக்களில் சொல்லிப் பார்க்கலாம். அங்கே பழைய திங்க்பேடின் அருமை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பணம் வாங்குதலும் கைமாற்றுதலும்

நேரில் பார்க்காமலேயே முழு விலைக்கும் சம்மதித்து, ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அடையாள அட்டைப் படத்தை அனுப்பி, "கியூஆர் ஸ்கேன் பண்ணுங்க சார், பணம் வந்திடும்" என்று சொல்பவரோடு பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். யூபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. ஸ்கேன் செய்வதும் பின் போடுவதும் பணம் கொடுப்பவரின் வேலை. குறுஞ்செய்தியையும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாமல், உங்கள் வங்கிச் செயலியில் இருப்புத் தொகையைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாக அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

சந்திக்கும் இடம் ஆள்நடமாட்டமும் மின்துளையும் உள்ளதாக இருக்கட்டும். தெரிந்த கணினிக் கடையாக இருந்தால் இன்னும் நல்லது. அரை மணி நேரமாவது வாங்குபவரைத் தட்டிப் பார்க்கவிடுங்கள். ஓஇஎம் முறையில் தயாராக்கியதை அங்கே திறந்துவிட்டால் பெயர் கேட்கத் தொடங்கிவிடும் என்பதால், சோதனைக்குப் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டுக் காட்டுங்கள். ஒலி, படக்கருவி, வைஃபை, எல்லா விசைகளும் அதிலேயே தெரிந்துவிடும். யூடியூபில் முழுத் துல்லியத்தில் காணொளி ஓட்டினால் பழைய செயலி திணறும், 480-இலோ 720-இலோ வைத்துக்கொள்வது நல்லது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

பேரம் முடிந்ததும் இரண்டு பிரதிகளில் ஒரு விற்பனைச் சீட்டு எழுதுங்கள். கணினியின் மாடல், வரிசை எண், விலை, நாள், இருவரின் பெயரும் கையொப்பமும், "கணினி என் சொந்த உடைமை, லினக்ஸ் நிறுவப்பட்ட நிலையில், மேற்குறித்த குறைகளோடு விற்கப்படுகிறது" என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். பின்னாளில் அந்தக் கணினி தவறான காரியத்துக்குப் பயன்பட்டாலோ, திருட்டுப் பொருள் என்று வாங்கியவரிடம் யாரேனும் கேட்டாலோ, இருவருக்கும் இந்தத் தாள்தான் காப்பு. பழைய பில் இருந்தால் அதையும் கொடுங்கள்.

ஒரு வாரம் சோதித்துப் பார்க்கக் காலம் கொடுப்பது என் வழக்கம். அதற்குள் சொல்லாத குறை ஏதேனும் தெரிந்தால் கணினியைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுத்துவிடுவதாகச் சீட்டிலேயே எழுதிவிடுகிறேன். லினக்ஸுக்குப் புதியவராக இருந்தால் அந்த ஒரு வாரத்தில் தொலைபேசியில் ஐயம் கேட்பார்: மென்பொருளை எங்கே தேடுவது, அச்சுப்பொறியை எப்படிச் சேர்ப்பது, தமிழுக்கு எந்த விசையை அழுத்தி மாறுவது. பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். கூடவே, லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென் டிரைவையும் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிடுங்கள். அது கட்டற்ற மென்பொருள் என்பதால் நகலெடுத்துக் கொடுப்பதில் எந்தத் தடையும் இல்லை. அமைப்பு எப்போதாவது கெட்டுப்போனால் ராமநாதபுரம் வரை பேருந்து ஏறாமல், மூக்கையூரில் இருந்தபடியே அவரே மீண்டும் நிறுவிக்கொள்வார்.